சக்கரம் புதையும் இடத்தில்: ஆள் இழுக்கும் சறுக்குவண்டியின் வரலாறு

முன்னுரை

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்துக் கரிசல் மண் கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அதே மண் களியாகிச் சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். பாரம் ஏற்றிய வண்டி அச்சு வரை இறங்கிவிட்டால் மாடுகளை அவிழ்த்து, மூட்டைகளைத் தலைச்சுமையாகக் கரைசேர்க்க வேண்டியதுதான். அதே ஈரக்காலத்தில், கண்மாய்ப் பாசன வயலில் பரம்புப் பலகை, மேலே ஆள் நின்றிருந்தாலும், புதையாமல் மாடுகளின் பின்னே வழுக்கிக்கொண்டு போகும். சக்கரத்தின் பாரம் முழுவதும் தரையைத் தொடும் சிறு இடத்தில் விழுகிறது. பலகையின் பாரம் அதன் நீள அகலம் முழுக்கப் பரவுகிறது. பனிவெளியில் மனிதர் தம் பொருள்களைச் சறுக்குவண்டியில் வைத்து இழுப்பதும் இதே விதியின்படிதான்.

பனியே காணாத இந்த மண்ணுக்கும் அந்த வண்டிக்கும் இன்று நேரடித் தொடர்பும் ஏற்பட்டிருக்கிறது. விருதுநகர் மாவட்டம் ஜோகில்பட்டியைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி 2023 மே 23 அன்று எவரெஸ்ட் உச்சியை அடைந்தார். அதை அடைந்த முதல் தமிழ்நாட்டுப் பெண் அவர். 2025 ஜூனில் அவர் ஏறச் சென்ற அலாஸ்காவின் தெனாலி, ஏறுபவர்கள் தங்கள் மூட்டைமுடிச்சைத் தாங்களே சறுக்குவண்டியில் இழுத்துச் செல்லும் மலை.

சறுக்குவண்டியின் வரலாறு பெரும்பாலும் துருவப் பயணத் தலைவர்களின் வீரவரலாறாகவே எழுதப்பட்டுள்ளது. அதன் முக்கியமான திருத்தங்கள் ஒவ்வொன்றும் அந்தந்த நிலத்தில் வாழ்ந்து உழைத்தவர்களின் அறிவிலிருந்து பிறந்தவை என்பதும், அந்த அறிவைப் பொருட்படுத்தாத இடங்களிலெல்லாம் இழுத்தவர்களின் உடல் அதற்கு விலை கொடுத்தது என்பதும் இக்கட்டுரையின் கருத்து.

1. மணலிலும் பனியிலும் தொடக்கம்

சறுக்குவண்டி சக்கரத்துக்கு மூத்தது. பின்லாந்தின் ஹெய்னோலாவில் கிடைத்த பைன்மரச் சறுக்குச் சட்டம் சுமார் 10,000 ஆண்டுகள் பழையது. சைபீரியாவுக்கு வடக்கே உள்ள ஜோகோவ் தீவில் ஏறத்தாழ 9,000 ஆண்டுகளுக்கு முன்பே நாய்களும் சறுக்குவண்டிகளும் இருந்ததற்குச் சான்றுகள் கிடைத்துள்ளன.

வறண்ட நிலத்திலும் இது பயன்பட்டது. எகிப்தில், கி.மு. 1900-ஐ ஒட்டி வாழ்ந்த ஜெகுதிஹோத்தெப் என்னும் அதிகாரியின் கல்லறையில் ஓர் ஓவியம் உண்டு. பெரிய சிலை ஒன்று சறுக்குவண்டியில் கட்டப்பட்டிருக்க, 172 பேர் அதை இழுக்கிறார்கள். வண்டியின் முன்பகுதியில் நிற்கும் ஒருவர் மணலில் நீர் ஊற்றுகிறார். அது வெறும் சடங்கு என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. மணலைச் சரியான அளவுக்கு நனைத்தால் இழுக்கத் தேவையான விசை ஏறத்தாழப் பாதியாகிறது என்று ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2014-இல் சோதித்துக் காட்டினர். காய்ந்த மணல் வண்டியின் முன்னே குவிந்து தடுக்கிறது. ஈரமணல் இறுகி வழிவிடுகிறது.

பனியிலும் நீர்தான் துணை. சறுக்குச் சட்டம் உராயும் சூட்டில் பனி சற்றே உருகி, மெல்லிய நீர்ப்படலம் உண்டாகிறது. வண்டி அதன்மேல் வழுக்குகிறது. குளிர் மிகக் கடுமையாகும்போது அந்தப் படலம் உருவாவதில்லை. அப்போது பனி காய்ந்த மணல்போல் சட்டத்தைப் பிடிக்கும். வண்டி செய்பவர்கள் தீர்க்க வேண்டியிருந்தவை ஆக மூன்று: பாரம் எப்படிப் பரவும், அடிப்பாகத்தில் உராய்வது எது, கயிறு இழுப்பவரின் உடலில் எங்கே கட்டப்படும்.

2. வடபுலத்து மக்களின் தீர்வுகள்

ஸ்காண்டிநேவியாவின் வடக்கே வாழும் சாமி மக்கள் மிருதுவான ஆழ்பனிக்காகப் படகு வடிவ வண்டியைச் செய்தார்கள். அதன் அடிப்பாகம் முழுவதும் பனிமேல் படியும். ரெயின்டீர் மான் அதை இழுக்கும். இன்று பனிச்சறுக்குப் பயணிகள் இழுக்கும் ‘பல்க்’ இதன் வழிவந்தது.

கடற்பனி மீது பயணம் செய்யும் இனுயிட் மக்களுக்கு வேறு தேவை இருந்தது. அவர்களுடைய ‘கொமாட்டிக்’ வண்டியில் இரண்டு நீண்ட சட்டங்கள்மேல் குறுக்குப் பலகைகள் தோல்வாரால் கட்டப்பட்டிருக்கும். மேடுபள்ளத்தில் ஏறி இறங்கும்போது அந்தக் கட்டுகள் இளகிக் கொடுப்பதால் வண்டி முறிவதில்லை. சட்டங்களின் அடியில் சேற்றை அப்பி உறையவைத்து, அதன்மேல் நீரைப் பூசிப் பனிக்கட்டி மெருகு ஏற்றுவார்கள். குளிருக்கும் பனியின் தன்மைக்கும் ஏற்ப மெருகைப் புதுப்பித்துக்கொள்வதும் அவர்கள் வழக்கம்.

3. கடற்படைப் பளுவிலிருந்து நான்சென் வரை

19-ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷ் கடற்படை ஆர்க்டிக்கில் நுழைந்தபோது, மாலுமிகளே வண்டி இழுக்கும் முறையை வளர்த்தது. அதை ஒழுங்குபடுத்தியவர் லியோபோல்ட் மெக்ளின்டாக். 1853-இல் அவரது குழு 105 நாள்களில் ஏறத்தாழ 1,400 மைல் கடந்தது. சாதனை பெரிதுதான்; மார்பில் பட்டை மாட்டி, ஆளுக்கு ஏறத்தாழ 90 கிலோ இழுத்த மாலுமிகள் பட்ட பாடும் பெரிது.

இம்முறையின் குறையை அதே மெக்ளின்டாக் 1859-இல் கண்ணால் கண்டார். ஆர்க்டிக்கில் காணாமற்போன பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி பிராங்க்ளினின் குழுவைத் தேடிச் சென்றவருக்குக் கிங் வில்லியம் தீவில் ஒரு படகு கிடைத்தது. கனத்த ஓக்மரச் சறுக்குவண்டியில் ஏற்றப்பட்டிருந்த அந்தப் படகில் இரண்டு எலும்புக்கூடுகள் இருந்தன. வெள்ளிக் கரண்டிகளும் புத்தகங்களும் சோப்பும் இருந்தன. படகும் வண்டியும் மட்டும் சுமார் 1,400 ராத்தல், அதாவது 635 கிலோ இருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். பசியாலும் நோயாலும் தளர்ந்தவர்கள் இழுக்க முயன்ற பாரம் அது. அதே காலத்தில் ஜான் ரே என்பவர் இனுயிட் மக்களிடம் கற்று, பனிவீடு கட்டி, சட்டங்களுக்குப் பனிமெருகு ஏற்றி, சிறு குழுவோடு நெடுந்தொலைவு சென்றுவந்தார். பிராங்க்ளின் குழுவின் முடிவைப் பற்றிய செய்தியை 1854-இல் கொண்டுவந்தவரும் அவரே. வடபுலத்து மக்களின் வழக்கத்தைக் கற்பது கடற்படைக்குக் கௌரவக் குறைவாகத் தோன்றியது.

திருப்பம் 1888-இல் வந்தது. நார்வேயின் ஃபிரிட்ஜாஃப் நான்சென் கிரீன்லாந்தை ஆறுபேர் குழுவாகப் பனிச்சறுக்குப் பலகைகளில் கடந்தார். அவர்களில் சாமுவேல் பால்டோ, ஓலே ரவ்னா இருவரும் சாமிகள். நார்வேக் கிராமத்துச் சறுக்குவண்டியை முன்மாதிரியாகக் கொண்டு, ஸ்கீ போன்ற அகன்ற சட்டங்களுடன் ஏறத்தாழ 13 கிலோ எடையுள்ள மரவண்டியை அவர் வடிவமைத்தார். ஆணி அடிக்காமல் கட்டுகளால் இணைத்தார். இலகுவான வண்டி, பாரத்தைப் பரப்பும் சட்டம், இளகிக் கொடுக்கும் கட்டு ஆகிய மூன்றும் ஒன்றுசேர்ந்தன. பின்வந்த துருவப் பயணங்கள் அநேகமாக இவ்வண்டியையே பின்பற்றின.

4. தென்துருவமும் இந்தியத் தொடர்பும்

1911 டிசம்பர் 14 அன்று தென்துருவத்தை முதலில் அடைந்த நார்வேயின் அமுன்ட்சென் நாய்களை நம்பினார். அவர் குழுவின் தச்சரும் பனிச்சறுக்கு வீரருமான ஓலாவ் ப்யோலாண்ட், வண்டிகளை இழைத்து இழைத்து எடையை மூன்றில் ஒரு பங்காகக் குறைத்தார்.

அதே துருவத்துக்குப் புறப்பட்ட பிரிட்டிஷ் கடற்படை அதிகாரி ஸ்காட்டின் குழு மோட்டார் வண்டி, குதிரை, நாய், மனிதர் என எல்லாவற்றையும் கலந்து பயன்படுத்தியது. பியர்ட்மோர் பனியாற்றுக்கு மேல் இழுத்தவர்கள் மனிதர்கள் மட்டுமே. 1912 ஜனவரி 17 அன்று துருவத்தை அடைந்த ஐவரில் இருவர் இந்தியாவில் பணியாற்றியவர்கள். ஹென்றி பவர்ஸ் ராயல் இந்தியன் மரைன் அதிகாரி. லாரன்ஸ் ஓட்ஸ் மத்திய இந்தியாவின் மவ் ராணுவ முகாமில் இருந்தவர். பவர்ஸ் இருந்த அணி தன் பனிச்சறுக்குப் பலகைகளை வழியிலேயே விட்டிருந்தது. கடைசி நேரத்தில் துருவ அணியில் சேர்க்கப்பட்ட அவர், மற்றவர்கள் பலகைகளில் செல்ல, பலகையின்றிப் பனியில் நடந்தே தம் பங்கை இழுத்தார்.

திரும்பும் வழியில் ஐவரும் இறந்தனர். கடும் குளிரில் பனி மணல்போல் பிடித்ததும் அவர்களை மெலியச் செய்தது. அந்த நிலையிலும் 16 கிலோ பாறைத் துண்டுகளைக் கீழே போடவில்லை. அவற்றில் இருந்த குளோசாப்டெரிஸ் புதைபடிவம் இந்திய நிலக்கரிப் படுகைகளிலும் கிடைப்பது. இந்தியாவும் அண்டார்டிகாவும் ஒரு காலத்தில் கோண்டுவானா என்ற ஒரே நிலமாக இருந்தன என்பதற்கு அந்தச் சுமை சான்றாயிற்று. அவர்களைத் தேடிச் சென்ற குழுவுக்கு இந்திய அரசு அனுப்பிய ஏழு கோவேறு கழுதைகள் வண்டி இழுத்தன. குலாப், பேகம், ராணி, லால்கான் என்று அவற்றுக்குப் பெயர்கள். 1912 நவம்பர் 12 அன்று ஸ்காட்டின் கூடாரம் கண்டெடுக்கப்பட்டது.

5. இடுப்புக்கு வந்த பாரம்

20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மரத்தின் இடத்தைக் கண்ணாடியிழையும் பிளாஸ்டிக்கும் பிடித்தன. வடிவம் மீண்டும் சாமிகளின் படகுக்கே திரும்பியது. மார்புப் பட்டையின் இடத்தில், பாரத்தை இடுப்பெலும்பில் இறக்கும் அகன்ற கச்சை வந்தது. நுரையீரல் அமுங்காததால் மூச்சு வாங்காமல் நாள் முழுக்க இழுக்க முடிந்தது. சரிவில் இறங்கும்போது வெறும் கயிற்றில் கட்டிய வண்டி முந்தி வந்து குதிகாலில் மோதும். அதைத் தடுக்க, வளையாத இரண்டு தண்டுகளைக் கச்சையோடு இணைத்தார்கள்.

1989–90-இல் ரெய்ன்ஹோல்ட் மெஸ்னரும் ஆர்வெட் ஃபுக்ஸும் 92 நாள்களில் அண்டார்டிகாவைக் கடந்தனர். 1996–97-இல் நார்வேயின் பொர்கே ஔஸ்லாண்ட் 64 நாள்களில் தனியாளாகக் கடந்தார். புறப்படும்போது அவர் வண்டியின் எடை 178 கிலோ. 2009 டிசம்பர் 29 அன்று ரீனா கௌஷல் தர்மசக்து காமன்வெல்த் நாடுகளின் பெண்கள் குழுவோடு தென்துருவத்தை அடைந்தார். பனிச்சறுக்கில் அங்கே சென்ற முதல் இந்தியப் பெண் அவர். பஞ்சாபி வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி பிரீத் சாண்டி, 2022 ஜனவரி 3 அன்று 40 நாள் தனிப்பயணத்தில் அதே இடத்தை அடைந்தார். அவர் பயிற்சி எடுத்தது கனத்த டயர்களைக் கயிற்றில் கட்டித் தரையில் இழுத்து.

6. சன்ஸ்காரும் தெனாலியும்

இந்தியாவுக்குள்ளேயே இந்த அறிவு வாழும் இடம் லடாக்கின் சன்ஸ்கார். மலைப்பாதைகள் பனியால் மூடும் தை, மாசி மாதங்களில் உறைந்த ஆறுதான் அம்மக்களுக்குச் சாலையாக இருந்தது. ‘சாதர்’ என்னும் அந்தப் பாதையில் நெய்யும் வெண்ணெயும் லே நகரச் சந்தைக்குப் போயின. இன்று மலையேற்றப் பயணிகளின் கூடாரமும் சமையல் பாத்திரமும் போகின்றன. சுமைக்காரர்கள் மரச் சறுக்குவண்டியில் கட்டிக் கயிற்றால் இழுக்கிறார்கள். பனிக்கட்டி உடைந்த இடத்தில் வண்டியைப் பாரத்தோடு முதுகில் ஏற்றிப் பாறைமேல் நடக்கிறார்கள். எந்தப் பனி தாங்கும், எது தாங்காது என்பதை நடையிலேயே அறிந்துகொள்கிறார்கள். நிம்மு, பதும், தார்ச்சா ஊர்களை இணைக்கும் 298 கிலோமீட்டர் சாலை 2024 மார்ச்சில் இணைக்கப்பட்டுவிட்டது. சாலை அம்மக்களுக்கு வேண்டியதே. மருத்துவமனை அதனால் அருகில் வரும். ஆற்றுப்பாதையின் தேவை குறையக் குறைய, அதை அறிந்தவர்களும் குறைவார்கள்.

6,190 மீட்டர் உயரமுள்ள தெனாலியில் சிறு விமானம் ஏறுபவர்களைச் சுமார் 7,200 அடி உயரத்தில் கஹில்ட்னா பனியாற்றில் இறக்கிவிடும். மூன்று வாரத்துக்கான உணவு, எரிபொருள், கூடாரம் என ஆளுக்கு 50, 60 கிலோ சேரும். எவரெஸ்டில் போலச் சுமக்க ஷெர்பாக்கள் இல்லை. ஆகவே பாதியை முதுகில் ஏற்றி, மீதியை மலிவான பிளாஸ்டிக் வண்டியில் வைத்து இழுக்கிறார்கள். வண்டியின் பின்பகுதியையும் குழுவின் பாதுகாப்புக் கயிற்றோடு பிணைப்பது அங்கே முக்கியம். ஏறுபவர் பனிப்பிளவில் விழுந்தால் வண்டி அவர்மேல் விழாதிருக்க அதுவே காப்பு. சரிவு செங்குத்தாகும் மேல் முகாம்களுக்கு முன்னால் வண்டியை விட்டுவிட்டு, முதுகுச் சுமையோடு ஏறுவார்கள்.

முடிவுரை

சறுக்குவண்டி நேர்கோட்டில் முன்னேறவில்லை. சாமிகளின் படகு வடிவம் மரச்சட்ட வண்டிக்கு இடம்விட்டு, பிளாஸ்டிக்கில் மீண்டும் வந்தது. இனுயிட் வண்டியில் இருந்ததுபோன்ற இளகும் கட்டு நான்சென் வண்டியிலும் இடம்பெற்றது. பிராங்க்ளின் குழுவின் ஓக்மர வண்டிக்கும் நான்செனின் 13 கிலோ வண்டிக்கும் இடையே இருந்த முப்பது, நாற்பது ஆண்டுகளில் புதிய கண்டுபிடிப்பைவிடப் பிறரிடம் கற்கும் மனம்தான் அதிகம் தேவைப்பட்டது.

ஆனால் அந்த அறிவோடு பனியிலும் உறைந்த ஆற்றிலும் முதலில் நடந்த சுமைக்காரர்களின் பெயர்கள் வரலாற்று நூல்களில் அரிதாகவே கிடைக்கின்றன. சன்ஸ்காரின் சுமைக்காரர்கள் வண்டியை எப்படிச் செய்கிறார்கள், எப்படிக் கட்டுகிறார்கள், பனியை எப்படிப் படிக்கிறார்கள் என்பதை அவர்கள் வாய்மொழியாகவே பதிவுசெய்ய வேண்டும். அது உடனே நடக்க வேண்டும். கரிசல் நாட்டில் பரம்படித்தவர்கள், சேற்றில் வண்டி மீட்டவர்கள், பனங்கட்டையை மாடு கட்டி இழுத்தவர்கள் ஆகியோரின் அறிவுக்கும் அதே மதிப்பு உரியது. டிராக்டர் வந்தபின் அந்தத் தலைமுறையும் குறைந்துகொண்டே வருகிறது. அருப்புக்கோட்டைக் கல்லூரி மாணவர்கள் தம் தாத்தாக்களிடம் இந்த ஆய்வைத் தொடங்கலாம். ஜோகில்பட்டியிலிருந்து தெனாலி வரை ஒருவர் போய்வந்த காலத்தில், மண்ணையும் பனியையும் ஒரே பாடத்தில் வைத்துப் படிப்பது அவர்களுக்குக் கடினமாக இராது.