‘இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமே...’ வயதான குதிரைக்கு எப்போது விடைகொடுப்பது?

மெரினாவிலோ ஊட்டி ஏரிக்கரையிலோ குதிரை மேல ஒரு ரவுண்டு போய், கையோடு ஒரு செல்ஃபியும் எடுத்திருப்பீங்க. அந்தக் குதிரைக்கு வயசானா என்ன ஆகும்னு எப்போதாவது யோசிச்சிருக்கீங்களா?

குதிரை வளர்ப்பவர்கள் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது. நல்ல பராமரிப்பு இருந்தால் ஒரு குதிரை 25, 30 ஆண்டுகள்கூட வாழும். காலேஜ் படிக்கும்போது ஆசையாகக் குட்டி வாங்கியவர், அதற்கு முடியாமல் போகும்போது நாற்பதைத் தொட்டிருப்பார். பாதி வாழ்க்கை கூடவே இருந்த ஜீவனைப் பார்த்து, ‘போதும், தூங்க வெச்சிடலாம்’ என்று எப்படிச் சொல்வது? எப்போது சொல்வது?

நீங்கள் குதிரை வைத்திருந்தாலும் சரி, வளர்க்கும் ஆசையில் இருந்தாலும் சரி, இதைத் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

படுத்த படுக்கையாக வைத்துப் பார்க்க முடியாதா?

முடியாது என்பதுதான் சிக்கலே. நாய்க்கு உடம்புக்கு முடியலைன்னா மெத்தை போட்டுப் படுக்க வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். ஒரு பெரிய குதிரையின் எடை 400, 500 கிலோ இருக்கும். நீண்ட நேரம் ஒரே பக்கமாகப் படுத்துக்கிடந்தால் அந்த எடையே அதன் தசைகளையும் நுரையீரலையும் அழுத்திக் கெடுத்துவிடும். ஒரு கால் போனால் மற்ற மூன்று கால்களில் சுமை ஏறும். குளம்புக்குள் எலும்பைப் பிடித்துவைத்திருக்கும் மெல்லிய திசு அடுக்குகள் அந்தச் சுமையில் அழற்சி கண்டு, பிய்ந்துபோகும். இதற்கு ‘லாமினைட்டிஸ்’ என்று பெயர். நகக்கண்ணில் அடிபட்டால் நமக்கு எப்படி இருக்கும்? அந்த வலியோடு நாள் முழுக்க நிற்பதாக நினைத்துப் பாருங்கள்.

அமெரிக்காவின் பார்பரோ இதற்கு ஓர் உதாரணம். 2006-ல் கென்டக்கி டெர்பி பந்தயத்தை வென்ற குதிரை அது. இரண்டே வாரத்தில் அடுத்த பந்தயத்தில் பின்னங்கால் நொறுங்கியது. பணத்துக்கும் குறைவில்லை, மருத்துவர்களுக்கும் குறைவில்லை. எட்டு மாதம் போராடினார்கள். அடிபட்ட கால் ஓரளவு தேறியபோது, மற்ற கால்களின் குளம்புகளை லாமினைட்டிஸ் பிடித்தது. 2007 ஜனவரி 29 அன்று கருணைக்கொலை செய்தார்கள். வலியில்லாமல் அதை வைத்திருக்க இனி வழியில்லை என்று தெரிந்ததும், உரிமையாளர்களும் மருத்துவரும் சேர்ந்து எடுத்த முடிவு அது.

முதுமை வேறு, வேதனை வேறு

எலும்பு தெரியுது, முடி உதிரலைன்னு அவசரப்படவும் வேண்டாம். வயதான குதிரையின் பல தொல்லைகளுக்கு வைத்தியம் உண்டு.

மென்ற புல்லை உருண்டையாகக் கீழே துப்பினால் பல் தேய்ந்திருக்கலாம். பல்லைச் சரிசெய்து, ஊறவைத்த தீவனமாகக் கொடுத்தால் மறுபடி உடம்பு தேறும். கோடையிலும் உதிராத நீளமான, சுருண்ட முடி இருந்தால் ‘குஷிங்ஸ்’ என்ற ஹார்மோன் கோளாறாக இருக்கலாம். அதற்கு மாத்திரை உண்டு. மூட்டுவலிக்கு வலிநிவாரணிகள் உண்டு. எனவே மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, ‘இதுக்கு வயசாயிடுச்சா?’ என்பதல்ல. ‘இந்த வலியைக் குறைக்க முடியுமா, எத்தனை நாளைக்கு?’ என்பதுதான்.

எதையெல்லாம் கவனிக்க வேண்டும்?

குதிரை இரையாகும் விலங்கினம். காட்டில் வலியைக் காட்டினால் புலிக்கு விருந்து. அதனால் கடைசி வரை மறைக்கும். நாம்தான் தேடிப் பார்க்க வேண்டும்.

* முகம்: காதுகள் விறைத்துப் பின்னால் சாய்ந்திருப்பது, கண் பாதி மூடியிருப்பது, தாடையும் வாயும் இறுகியிருப்பது, மூக்குத்துவாரம் விரைத்திருப்பது எல்லாம் வலியின் அடையாளங்கள். முகத்தைப் பார்த்து வலிக்கு மதிப்பெண் போடும் முறையையே 2014-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

* தூக்கம்: குதிரை நின்றபடியே கண் அசரும். ஆனால், ஆழ்ந்த கனவுத் தூக்கத்துக்குப் படுத்தே ஆக வேண்டும். ‘படுத்தா எழ முடியாதே’ என்ற நிலைக்கு வந்த குதிரை படுப்பதையே விட்டுவிடும். பிறகு நின்றபடி தூங்கிச் சரிந்து முட்டி போடும். முன்னங்கால் மூட்டுகளில் புதுப்புதுச் சிராய்ப்பு தெரிந்தால், இரவில் என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

* சாப்பாடு, தண்ணீர்: கொள்ளு வாளிச் சத்தம் கேட்டாலே கனைத்தது, இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லையா?

* துணை: மற்ற குதிரைகளை விட்டு ஒதுங்கி, ஒரே மூலையில் தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறதா?

* வயிறு: வயிற்றைத் திரும்பித் திரும்பிப் பார்ப்பது, தரையைக் கிளறுவது, புரள்வது ஆகியவை வயிற்றுவலியின் அறிகுறிகள். குதிரையால் வாந்தி எடுக்க முடியாது என்பதால் இது சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகலாம். உடனே மருத்துவரைக் கூப்பிடுங்கள்.

இதை மனக்கணக்காக வைக்காதீர்கள். தினமும் பார்ப்பவர் கண்ணுக்குச் சரிவு தெரியாது. போன் காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு நிறம், கெட்ட நாளுக்கு ஒரு நிறம் போடுங்கள். வாரம் ஒரு முறை ஒரே இடத்தில் நிறுத்தி போட்டோ எடுங்கள், நடப்பதை வீடியோ எடுங்கள். கெட்ட நாள்கள் கூடிக்கொண்டே போய், மருந்தும் கைகொடுக்கவில்லை என்றால், பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது.

முடிவை முன்கூட்டியே பேசுங்கள்

குதிரை வைத்தியர்கள் வழக்கமாகச் சொல்வது இது: ஒரு நாள் தாமதிப்பதைவிட, ஒரு வாரம் முந்திக்கொள்வது மேல். தள்ளிப்போட்டால் பெரும்பாலும் நடுராத்திரியில், மழையில், எழுந்திருக்க முடியாமல் உதறிக்கொண்டிருக்கும் குதிரையின் பக்கத்தில் நின்றுதான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

எனவே ‘இன்னின்னது நடந்தால் அதற்கு மேல் இழுக்க மாட்டோம்’ என்று நிதானமாக இருக்கும்போதே எழுதிவையுங்கள். நீங்கள் ஊரில் இல்லாவிட்டால் யார் முடிவெடுப்பது என்பதையும் லாயத்தைப் பார்த்துக்கொள்பவரிடம் சொல்லிவிடுங்கள். பராமரிப்பவரின் கருத்தையும் கேளுங்கள். ராத்திரியில் அது எப்படி இருக்கிறது என்று உங்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும்.

இதைக் கால்நடை மருத்துவர்தான் செய்ய வேண்டும். பொதுவாக முதலில் மயக்க மருந்து கொடுப்பார். பிறகு கழுத்து நரம்பில் அளவு கூடிய மயக்க மருந்தை ஏற்றுவார். குதிரை சரிந்து விழும். பார்க்கக் கஷ்டமாக இருக்கும், ஆனால் அதற்குள் அதற்கு நினைவு போயிருக்கும். பிறகும் தசை துடிக்கலாம், ஒரு பெருமூச்சுகூட வரலாம். அது வலியல்ல. உங்களால் பார்க்க முடியாது என்றால் கூட நிற்க வேண்டிய கட்டாயமில்லை. பழகிய ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும்.

உடலை என்ன செய்வது என்பதையும் முன்பே உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவையுங்கள். ஊசி மருந்து உடலிலேயே தங்கியிருக்கும். அதைத் தின்னும் நாயும் கழுகும் செத்துவிடும். நீலகிரி போல, அழிவின் விளிம்பிலுள்ள பாறு கழுகுகள் வாழும் மாவட்டத்தில் இது சாதாரண விஷயமில்லை. ஆழக் குழிதோண்டிப் புதைப்பதோ எரிப்பதோதான் சரி.

‘கொல்ல மனசு வரலை, எங்கேயாவது விட்டுடலாம்’ என்று மட்டும் நினைக்காதீர்கள். பசியாலும் தாகத்தாலும் வாடும்படி ஒரு விலங்கைக் கைவிடுவது, 1960-ம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

அதற்குப் பிறகு...

கூட இருந்த குதிரை சில நாள் கனைத்துத் தேடலாம். இறந்த உடலைக் கொஞ்ச நேரம் முகர்ந்து பார்க்க விடுங்கள். தேடல் அடங்க அது உதவும் என்கிறார்கள் அனுபவசாலிகள்.

உங்களுக்கும் குற்ற உணர்ச்சி வரும். ‘இன்னும் ஒரு மாசம் பார்த்திருக்கலாமோ’ என்று தோன்றும். அப்போது அந்த காலண்டரை எடுத்துப் பாருங்கள். கடைசி மாதத்தில் நல்ல நாள்கள் எத்தனை இருந்தன என்று எண்ணுங்கள். நாளை எண்ணியது நீங்கள், அதை நின்று கழித்தது குதிரை.

தேதி குறித்துவிட்டீர்களா? அன்று காலையில் வெயில் படும் இடத்தில் நிறுத்தி, பிடரியைச் சீவிவிடுங்கள். இத்தனை நாள் கூடாது என்று தடுத்துவைத்த வெல்லத்தை, மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உள்ளங்கையில் வைத்து நீட்டுங்கள்.