புற்றுநோய் நிகழ்வு வீதம்: வட்டார வேறுபாடுகளும் கால மாற்றமும்

புற்றுநோய் நிகழ்வு வீதம் என்பது ஒரு பகுதியில் வாழும் மக்களில் ஓர் ஆண்டுக்குள் எத்தனை பேருக்குப் புதிதாகப் புற்றுநோய் கண்டறியப்பட்டது என்பதை லட்சம் பேருக்கு இத்தனை என்று சொல்லும் அளவு. ஏற்கெனவே நோயோடு வாழ்பவர்கள் இதில் சேர மாட்டார்கள். இறப்புக் கணக்கும் தனி. நாட்டுக்கு நாடு இது வேறுபடுவது பலரும் அறிந்ததே. ஒரே நாட்டின் மாவட்டங்களுக்கு இடையிலும் அது பெரிதும் வேறுபடுகிறது; ஒரே ஊரில் முப்பது, நாற்பது ஆண்டுகளில் தலைகீழாகவும் மாறிவிடுகிறது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட தேசியப் புற்றுநோய்ப் பதிவுத் திட்ட அறிக்கையில், 2012 முதல் 2016 வரையிலான காலத்துக்கு மிசோரமின் ஐஸால் மாவட்டத்தில் ஆண்களின் வயது சீராக்கிய வீதம் (வயது அமைப்பின் வேறுபாட்டை நீக்கிக் கணக்கிட்டது; விளக்கம் பின்னால் வரும்) லட்சத்துக்கு 269.4. மகாராஷ்டிரத்தின் உஸ்மானாபாத், பீட் மாவட்டங்களில் அதே அளவு 39.5. ஏறக்குறைய ஏழு மடங்கு வித்தியாசம். இதில் எவ்வளவு நோயின் வேறுபாடு, எவ்வளவு மருத்துவ வசதியின் வேறுபாடு, எவ்வளவு கணக்கெடுப்பின் வேறுபாடு என்று பிரித்தறிவதுதான் வட்டார நோய்ப்பரவல் ஆய்வின் மையப் பணி.

பதிவகங்கள்

வீதத்தைக் கணக்கிட வேண்டுமானால் முதலில் நோயாளிகளை எண்ண வேண்டும். ஒரு மருத்துவமனைக்கு வந்தவர்களை மட்டும் எண்ணினால் அது அந்த மருத்துவமனையின் கதையே தவிர ஊரின் கதை ஆகாது. எல்லை வகுக்கப்பட்ட ஒரு பகுதியில் வாழும் அத்தனை பேரிலும் புதிதாக நோய் கண்டவர்கள் அனைவரையும் திரட்டுவது மக்கள்தொகை சார்ந்த புற்றுநோய்ப் பதிவகத்தின் வேலை. இந்தியாவில் இந்த முயற்சி 1963-இல் மும்பையில் தொடங்கியது. தேசியத் திட்டத்தின் கீழ் 1982 ஜனவரி முதல் மும்பை, பெங்களூரு, சென்னை நகரங்களில் தரவு திரட்டப்படுகிறது. சென்னைப் பதிவகம் அடையாறு புற்றுநோய் நிறுவனத்தில் இயங்குகிறது. 1987-இல் சோலாப்பூர் மாவட்டத்தின் பார்சியில் நாட்டின் முதல் கிராமப்புறப் பதிவகம் வந்தது. திண்டுக்கல் மாவட்டத்துக்கான பதிவகம் 2003 முதல் ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கையில் செயல்படுகிறது. தமிழ்நாடு முழுவதையும் தழுவிய பதிவுத் திட்டம் 2012-இல் தொடங்கியது.

பதிவகப் பணியாளரின் அன்றாடம் பொறுமையைக் கேட்பது. நோயாளியின் விவரம் தானாக வந்து சேரும் என்று காத்திருக்க முடியாது. அரசு மருத்துவமனை, தனியார் மருத்துவமனை, நோய்க்குறியியல் ஆய்வகம், ஸ்கேன் மையம் என்று ஒவ்வொன்றுக்கும் நேரில் போய்க் கேஸ் ஷீட்டுகளைப் புரட்ட வேண்டும். மாநகராட்சியின் இறப்புப் பதிவுகளையும் பார்த்து, புற்றுநோயால் இறந்தும் எந்த மருத்துவமனைப் பட்டியலிலும் இல்லாதவர்களைத் தேடிப் பிடிக்க வேண்டும். திண்டுக்கல்காரர் சிகிச்சைக்கு மதுரைக்கோ கோயம்புத்தூருக்கோ போயிருப்பார். பதிவாளரும் அங்கே போகத்தான் வேண்டும். ஒரே நோயாளி பயாப்சிக்கு ஓரிடம், அறுவைக்கு ஓரிடம், கதிர்வீச்சுக்கு வேறோரிடம் என்று மூன்று கோப்புகளில் இருப்பார். ஒன்றில் ‘கே. லட்சுமி’, இன்னொன்றில் ‘லட்சுமி க/பெ. முருகன்’, மூன்றாவதில் ‘எம். லக்ஷ்மி’. தந்தை பெயரும் கணவர் பெயரும் மாறி மாறி முதலெழுத்தாக வரும் நம் ஊரில், இவர்கள் மூவரும் ஒருவரா வேறு வேறா என்று முடிவு செய்ய வயது, தெரு, நோய் கண்ட உறுப்பு எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றென்று கண்டுகொள்ளத் தவறினால் வீதம் பொய்யாக ஏறும். வேறு வேறானவர்களை ஒன்றாக்கிவிட்டால் பொய்யாக இறங்கும். இன்னொரு விதியும் உண்டு: அந்தப் பகுதியில் குறைந்தது ஓராண்டு வசித்தவரே அந்தப் பகுதியின் நோயாளி. சிகிச்சைக்காகச் சென்னையில் உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர் சென்னைக் கணக்கில் சேர மாட்டார்.

பதிவகம் இல்லாத மாவட்டத்தில் புற்றுநோய் குறைவு என்று யாராவது சொன்னால், அந்தப் பேச்சுக்கு அடிப்படை இல்லை. அங்கே எண்ணப்படவில்லை என்பதே உண்மை.

வீதத்தின் கீழ்ப்பாதி

நோயாளிகளின் எண்ணிக்கை மேலே. அதை வகுக்கும் மக்கள்தொகை கீழே. கீழ்ப்பாதியைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை. ஆனால் இன்றைய இந்தியாவில் பெரிய சிக்கல் அங்கேதான் இருக்கிறது. 2011-க்குப் பிறகு 2021-இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனதால், அதன்பின் வந்த ஆண்டுகளுக்கான வட்டார மக்கள்தொகை முழுவதும் மதிப்பீடே. வேகமாக வளரும் புறநகர்ப் பகுதியில் மக்கள்தொகையைக் குறைத்து மதிப்பிட்டால், நோய் கூடாமலேயே வீதம் கூடும்.

எல்லைகளும் நிலையாக இருப்பதில்லை. 2011-இல் சென்னை மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தது. 2019-இல் வேலூரிலிருந்து ராணிப்பேட்டையும் திருப்பத்தூரும், திருநெல்வேலியிலிருந்து தென்காசியும் பிரிந்தன. பெயர் அதேதான், நிலப்பரப்பு வேறு. பழைய வேலூரின் வீதத்தைப் புதிய வேலூரோடு நேரடியாக ஒப்பிடுவது தவறு. பழைய எல்லைக்குள் வரும் வட்டங்களைச் சேர்த்துக் கணக்கிட்ட பிறகே ஒப்பிட வேண்டும்.

அடுத்தது வயது. புற்றுநோய் பெரும்பாலும் முதுமையின் நோய். முதியோர் விகிதம் கூடிய கேரளத்தையும் இளையோர் நிறைந்த பீகாரையும் வெறும் வீதத்தால் ஒப்பிட்டால், கேரளத்தில் நோய் கூடுதல் என்றே வரும். இதைத் தவிர்க்க, இரண்டு இடங்களிலும் ஒரே வயது அமைப்பு இருந்தால் வீதம் என்னவாக இருக்கும் என்று கணக்கிடுகிறார்கள். இதற்கு உலகப் பொது மக்கள்தொகை என்ற ஒரு மாதிரி அமைப்பு பயன்படுகிறது. இப்படி வருவதே வயது சீராக்கிய வீதம். ஆயினும் ஒரு மாவட்டத்துக்கு எத்தனை புற்றுநோய்ப் படுக்கைகள் தேவை என்று திட்டமிடுபவருக்குச் சீராக்காத வீதமும் உண்மையான எண்ணிக்கையுமே வேண்டும்.

சிறிய ஊர்களின் துள்ளல்

லட்சத்துக்கு 100 என்ற வீதம் உள்ள பகுதியில் 5,000 பேர் வாழும் ஓர் ஊராட்சியை எடுத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 5 புதிய நோயாளிகளை எதிர்பார்க்கலாம். ஓராண்டில் 2 பேர், அடுத்த ஆண்டில் 9 பேர் என்று வந்தால் வீதம் 40-லிருந்து 180-க்குத் தாவும். இந்தத் தாவல் தற்செயலால் மட்டுமே நிகழக்கூடியது. நூற்றுக்கணக்கான ஊராட்சிகளை வீத வரிசையில் அடுக்கினால் மேல் நுனியிலும் கீழ் நுனியிலும் சிறிய ஊர்களே நிற்கும். அதனால்தான் ஆய்வாளர்கள் ஐந்து ஆண்டுத் தரவுகளைச் சேர்த்துப் பார்க்கிறார்கள். வீதத்தோடு அதன் நம்பக இடைவெளியையும், அதாவது உண்மையான வீதம் எந்த எல்லைகளுக்குள் இருக்கக்கூடும் என்பதையும், தருகிறார்கள். அண்டைப் பகுதிகளின் வீதங்களையும் கருத்தில் கொண்டு, சிறு பகுதியின் வீதத்தைச் சமன்செய்யும் புள்ளியியல் முறைகளைக் கையாள்கிறார்கள்.

‘எங்கள் தெருவில் மட்டும் இத்தனை பேருக்குப் புற்றுநோய்’ என்று மக்கள் அஞ்சும்போது அந்த அச்சத்தை ஒதுக்கித் தள்ளக் கூடாது. முதலில் கேட்க வேண்டியவை: எல்லாருக்கும் ஒரே வகைப் புற்றுநோயா, எந்த வயதில் வந்தது, எத்தனை காலம் அங்கே குடியிருந்தார்கள், எல்லையை எப்படி வகுத்தார்கள். நோயாளிகள் இருக்கும் வீடுகளைப் பார்த்த பிறகு அவற்றைச் சுற்றிக் கோடு போட்டால் எந்த ஊரிலும் ஒரு குவியலைக் காட்டிவிடலாம்.

உண்மையான குவியலும் எளிதில் விளங்கிவிடுவதில்லை. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டு அணு நிலையத்தை அடுத்த சீஸ்கேல் என்ற சிற்றூரில் சிறுவர்களிடையே ரத்தப் புற்றுநோய் கூடுதல் என்று 1983-இல் ஒரு தொலைக்காட்சி நிகழ்ச்சி சொன்னது. அடுத்த ஆண்டு வெளியான அரசுக் குழுவின் அறிக்கை அந்தக் கூடுதலை உறுதி செய்தது. ஆனால் கணக்கிடப்பட்ட கதிர்வீச்சின் அளவு அதை விளக்கப் போதவில்லை. வெளியிலிருந்து பெருமளவில் ஆட்கள் ஒதுக்குப்புறமான ஊருக்குக் குடிபெயர்ந்ததால் பரவிய ஏதோ ஒரு தொற்று காரணமாகலாம் என்ற கருதுகோளை லியோ கின்லன் 1988-இல் முன்வைத்தார்.

நம் பக்கத்திலேயே இதற்கு எதிர்மாறான ஒரு பாடம் இருக்கிறது. கேரளத்தின் கொல்லம் மாவட்டத்தில் உள்ள கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் உண்டு; இயற்கைக் கதிர்வீச்சு மற்ற இடங்களைவிடப் பல மடங்கு. அங்கே 1990 முதல் பதிவகம் இயங்குகிறது. சுமார் 70,000 பேரைத் தொடர்ந்து கவனித்து 2009-இல் வெளியான ஆய்வில், கதிர்வீச்சு கூடக்கூடப் புற்றுநோயும் கூடியதற்குச் சான்று கிடைக்கவில்லை. அதே மக்களிடம் நுரையீரல் புற்றுநோயோடு தெளிவாகத் தொடர்பு காட்டியது பீடி.

வரைபடம் காட்டிய காரணங்கள்

இத்தனை எச்சரிக்கைக்குப் பிறகும், வட்டார வேறுபாடு காரணத்தைக் காட்டிக்கொடுத்த இடங்கள் பல. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம் 1975-இல் கவுண்டி வாரியாகப் புற்றுநோய் இறப்பு வரைபடத் தொகுப்பை வெளியிட்டது. தென்கிழக்கு மாநிலங்களில் பெண்களிடையே வாய்ப் புற்றுநோய் இறப்பு கூடியிருந்தது. வட கரோலினாவில் ஆய்வு செய்தபோது, அந்தப் பெண்கள் வாயில் அடக்கிக்கொள்ளும் மூக்குப்பொடி காரணம் என்று தெரிந்தது. ஜார்ஜியக் கடற்கரையில் கூடிய நுரையீரல் புற்றுநோய், இரண்டாம் உலகப் போர்க்காலக் கப்பல் கட்டும் தளங்களின் கல்நாரோடு தொடர்புடையதாக இருந்தது.

வடகிழக்கு இந்தியாவின் உயர் வீதங்களுக்குப் பின்னாலும் புகையிலை இருக்கிறது. மிசோரமில் துய்புர் என்றொரு பொருள் உண்டு: புகையிலைப் புகையைத் தண்ணீருக்குள் செலுத்தித் தயாரிப்பது, சிறிது நேரம் வாயில் வைத்திருந்து துப்புவார்கள். இதற்கும் புகையூட்டிய இறைச்சி உண்பதற்கும் வயிற்றுப் புற்றுநோயோடு உள்ள தொடர்பை ஆய்வுகள் குறிப்பிடுகின்றன. மேகாலயத்தில் உணவுக்குழாய்ப் புற்றுநோயும், கங்கைச் சமவெளியில் பித்தப்பைப் புற்றுநோயும் மிகுதி. தென்னிந்தியாவில் பித்தப்பைப் புற்றுநோய் குறைவு.

காரணம் தோன்றுவதற்கும் வீதம் மாறுவதற்கும் இடையே ஒரு தலைமுறைக் காலம்கூட ஆகலாம். சிலியின் அன்டோஃபகஸ்டா நகருக்கு 1958-இல் ஆண்டீஸ் மலையாறுகளிலிருந்து குடிநீர் கொண்டுவரப்பட்டது. அதில் ஆர்செனிக் லிட்டருக்கு 800 மைக்ரோகிராமுக்கு மேல். உலக சுகாதார நிறுவனத்தின் இன்றைய வரம்பு 10. 1970-இல் சுத்திகரிப்பு நிலையம் வந்தது, அளவு இறங்கியது. அப்பகுதியில் நுரையீரல், சிறுநீர்ப்பைப் புற்றுநோய் இறப்பு உச்சத்துக்குப் போனதோ அதற்குச் சுமார் இருபது ஆண்டுகள் கழித்து. இன்று ஒரு வட்டாரத்தில் காணும் வீதம் பல நேரங்களில் கடந்துபோன காலத்து நீரையும் காற்றையும் பழக்கத்தையும் சொல்கிறது.

சென்னையின் நாற்பது ஆண்டுகள்

ஒரே ஊரில் வீதம் எப்படி மாறும் என்பதற்குச் சென்னைப் பதிவகத்தின் தொடர் தரவு நல்ல சான்று. 1980-களில் சென்னைப் பெண்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோயே முதலிடம். வயது சீராக்கிய வீதம் லட்சத்துக்கு 40-ஐத் தாண்டியிருந்தது. 2012-2016 காலத்தில் அது 20-க்கும் கீழே வந்துவிட்டது. இடைப்பட்ட காலத்தின் பெரும்பகுதியில் நகரம் தழுவிய பரிசோதனைத் திட்டம் எதுவும் இருக்கவில்லை. திருமண வயது உயர்ந்தது, குழந்தைகளின் எண்ணிக்கை குறைந்தது, கழிப்பறை, தண்ணீர் வசதிகள் மேம்பட்டன, பெண்கள் படித்தார்கள் என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். அதே சமூக மாற்றத்தின் இன்னொரு பக்கமாக மார்பகப் புற்றுநோய் ஏறி முதலிடத்துக்கு வந்தது: தாமதமான முதல் பிரசவம், குறைந்த பிள்ளைகள், கூடிய உடல் எடை அதன் காரணிகளில் சில. ஆண்களிடம் நெடுங்காலம் முன்னணியில் இருந்த வயிற்றுப் புற்றுநோய் இறங்கி, நுரையீரல் புற்றுநோய் மேலேறியது.

கிராமப்புறத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோயின் இந்த இறக்கம் பின்தங்கியே வந்தது. ஆனால் திண்டுக்கல்லில் அதை விரைவுபடுத்தலாம் என்று காட்டிய ஒரு பெரிய ஆய்வு நடந்தது. பயிற்சி பெற்ற செவிலியர் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைக் கருப்பை வாயில் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெண்மை படர்கிறதா என்று வெறுங்கண்ணால் பார்ப்பார். முன்நிலை மாற்றம் தெரிந்தால் உறையவைத்து அழிக்கும் சிகிச்சை. 30 முதல் 59 வயது வரையுள்ள 31,343 பெண்களுக்கு இந்தப் பரிசோதனை நடந்தது. 2007-இல் லான்செட் இதழில் வெளியான முடிவு: ஒப்பீட்டுப் பகுதிகளைவிட நிகழ்வு 25 சதவீதமும் இறப்பு 35 சதவீதமும் குறைவு. புற்றாக மாறும் முன்பே பிடித்ததால் வீதமே இறங்கியது.

பரிசோதனை எப்போதும் வீதத்தை இறக்கும் என்பதில்லை. தென் கொரியாவில் 1999-க்குப் பின் பரவிய உடல் பரிசோதனைகளோடு தைராய்டு ஸ்கேனும் வழக்கமாயிற்று. 2011-இல் தைராய்டு புற்றுநோய் வீதம் 1993-இல் இருந்ததைப் போல 15 மடங்கு. பரிசோதனை அதிகம் நடந்த வட்டாரங்களில் வீதமும் அதிகம். இறப்போ கொஞ்சமும் மாறவில்லை. வாழ்நாள் முழுவதும் தொல்லை தராமல் இருந்திருக்கக்கூடிய சிறு கட்டிகளே பெரும்பாலும் கண்டுபிடிக்கப்பட்டன. ஆயிரக்கணக்கானோர் தேவையின்றித் தைராய்டை இழந்தார்கள். 2014-இல் மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாக எச்சரித்த பிறகு அறுவைகள் வெகுவாகக் குறைந்தன.

தமிழ்நாட்டில் 2023 இறுதியில் ஈரோடு, கன்னியாகுமரி, ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களில் மார்பகம், கருப்பை வாய், வாய் ஆகியவற்றின் புற்றுநோய்க்கான ஒழுங்கமைந்த பரிசோதனை முன்னோடித் திட்டமாகத் தொடங்கியது. தேடிப் பார்க்கும் இடத்தில் முதல் சில ஆண்டுகளில் வீதம் உயர்வது இயல்பு. குறிப்பாக மார்பகத்திலும் வாயிலும். அந்த உயர்வை மட்டும் பார்த்து இம்மாவட்டங்களில் புற்றுநோய் பெருகிவிட்டதாகச் சொல்வது பிழையாகும். நோயாளிகளில் எத்தனை பேர் முதல், இரண்டாம் நிலையிலேயே வந்தார்கள், முற்றிய நிலையில் வருவோர் எண்ணிக்கை குறைகிறதா, இறப்பு இறங்குகிறதா என்ற மூன்றையும் வீதத்தோடு சேர்த்தே படிக்க வேண்டும். அதற்கு நோயின் நிலை ஒவ்வொரு கேஸ் ஷீட்டிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். இன்று பல கோப்புகளில் அந்தக் கட்டம் நிரப்பப்படாமலே கிடக்கிறது.