ஓதலும் தியானமும்: தமிழ் விவிலியத்தின் நாள்வழிப் பயிற்சி பற்றிய ஓர் ஆய்வு

ஒரு மொழியில் விவிலியம் பெயர்க்கப்பட்ட வரலாற்றை எழுதப் புகுவோர், பெயர்த்தோர் யாவர், அச்சிட்ட இடம் எது, பதித்த ஆண்டு எது என்பனவற்றையே பெரும்பாலும் முதன்மையாகக் கொள்வர். அவை இன்றியமையாதனவே. ஆயினும், அச்சேறிய அந்நூல் வீட்டிற்குட் புகுந்த பின்னர் யாதாயிற்று, அதனை நாள்தோறும் கையிலெடுத்தவர் எவ்வாறு பயின்றனர் என்னும் வினாக்களும் அவற்றோடு ஒப்ப எண்ணத்தக்கன. ஏனெனில், விவிலியப் பகுதிகளைச் சிந்தித்து வாழ்வுக்கு வழிகாட்டியாகக் கொள்ளுதல் கிறித்தவர்க்கு விழாநாட் கடமையன்று, அன்றாடப் பயிற்சி. அப்பயிற்சியே தமிழ் மொழிபெயர்ப்புகளுள் எது நிலைக்கவேண்டும் என்பதைப் பெரிதும் முடிவு செய்தது என்பதை இக்கட்டுரையில் நிறுவ முயல்வோம்.

1. தியானம் என்னும் சொல்

முதலாம் சங்கீதம், இறைவனது வேதத்தை இரவும் பகலும் சிந்திப்பவனை நீர்க்கால் ஓரத்து மரத்திற்கு ஒப்பிடுகின்றது. அவ்விடத்தே தமிழில் 'தியானம்' எனப் பெயர்க்கப்பட்டது எபிரேய மொழியில் 'ஹாகா' என்னும் வினையடியாகும். யோசுவா நூலின் முதல் அதிகாரத்தும் இச்சொல்லே வருகின்றது. ஏசாயா நூலில் இதே வினை ஓரிடத்திற் சிங்கத்தின் உறுமலையும் (31:4), மற்றோரிடத்திற் புறாவின் முனகலையும் (38:14) குறிக்கின்றது. எனவே, அது வாய்மூடிக் கண்மூடி உள்ளத்தளவில் நிகழும் எண்ணத்தை மட்டும் குறிப்பதன்று; தாழ்ந்த குரலில் திரும்பத் திரும்ப உரைத்தலையும் தன்னகத்தே கொண்டது.

தமிழில் இதற்கு நெருங்கிய சொல் யாது என ஆராயின், 'ஓதுதல்' என்பதே நம் நினைவிற்கு வரும். கற்றலும் உரக்கச் சொல்லுதலும் மனத்திற் பதித்தலும் அச்சொல்லில் ஒருங்கே அடங்கும். மொழிபெயர்ப்பாளர் தியானம் என்பதைத் தேர்ந்தது பிழையன்று. வழிபாட்டில் அச்சொல்லுக்குள்ள பெருமை நாடறிந்ததே. எனினும், வாயின் தொழிலாகவும் இருந்த ஒன்று அதனால் உள்ளத்தின் தொழிலாக மட்டும் எண்ணப்படலாயிற்று. நடைமுறையிலோ தமிழ்க் கிறித்தவர் ஓதலையே செய்துவந்தனர் என்பதைப் பின்னர்க் காண்போம்.

உபாகமத்தின் ஆறாம் அதிகாரம் இப்பயிற்சியின் இடத்தையும் காலத்தையும் வரையறுக்கின்றது. வீட்டில் அமர்ந்திருக்கும்போதும், வழியில் நடக்கும்போதும், படுக்கும்போதும், எழும்போதும் கட்டளைகளைப் பற்றிப் பேசவேண்டும், பிள்ளைகட்குக் கற்பிக்கவேண்டும், வாயில் நிலைகளில் எழுதவேண்டும் என்கின்றது. ஈண்டுக் குறிக்கப்பட்டவை கோயிற் செயல்கள் அல்ல, குடும்பச் செயல்கள். நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதமோ எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துகளையும் வரிசையாகக் கொண்டு, எழுத்துக்கு எட்டாக 176 அடிகளால் அமைந்தது. நெடுங்கணக்கு முறை நினைவிற் கொள்வதற்கும் துணையாவது என்பதை ஆத்திசூடியையும் கொன்றைவேந்தனையும் இளமையில் ஓதிய தமிழர்க்கு நாம் விளக்கவேண்டுவதில்லை.

2. விற்றன்பர்க்கும் ஆலேயும்

இப்பழைய முறை செருமானிய நாட்டில் எவ்வாறு புத்துயிர் பெற்றது என்பதைச் சுருக்கமாக அறிதல் வேண்டும். தமிழ்நாட்டிற்கு அது வந்த வழி அதுவே. மார்ட்டின் லூத்தர், தம் செருமன் மொழி நூல்களின் தொகுதிக்கு 1539-இல் எழுதிய முன்னுரையில், இறைநூலைக் கற்பதற்குச் செபம், தியானம், சோதனை என மூன்று படிகளை வகுத்தார். இம்மூன்றையும் அவர் மேற்கூறிய நூற்றுப்பத்தொன்பதாம் சங்கீதத்திலிருந்தே எடுத்தார். தியானம் என்பது நெஞ்சளவில் நில்லாது, எழுதப்பட்ட சொல்லை வாயாலும் பன்முறை கூறிப் பழகுதல் என அவர் விளக்கினமை கருதத்தக்கது. வாழ்வின் இடுக்கணில் அச்சொல் உண்மையாதலை அறிவதே மூன்றாம் படியாகிய சோதனை.

பிலிப் யாக்கோப்பு ஸ்பேனர் 1675-இல் வெளியிட்ட நூலில், இறைவாக்கு மறையுரையளவில் அடங்காது மக்களிடையே பரந்து பயிலப்பெறல் வேண்டும் என வற்புறுத்தினார். ஒவ்வொரு குடும்பத் தலைவனும் விவிலியத்தைக் கையிற்கொண்டு நாள்தோறும் வாசிக்கவேண்டும் என்பது அவரது கருத்து. ஆலே நகரில் அகஸ்து எர்மான் பிராங்கே நிறுவிய கல்விச்சாலைகள் இக்கருத்தின் நிலைக்களமாயின. ஏழைகளும் வாங்கத்தக்க குறைந்த விலையில் விவிலியத்தை அச்சிடும் காண்ஸ்டைன் நிலையம் அங்கே 1710-இல் தோன்றியது.

ஆலேயிற் பயின்ற பர்த்தலோமேயு சீகன்பால்கு, தம் தோழர் என்றிக்கு புளூச்சோவுடன் 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியில் வந்திறங்கினார். எனவே, அவர் தம்முடன் கொணர்ந்தது ஒரு சமயக் கோட்பாடு மட்டுமன்று. நூலொன்றை வீட்டில் நாள்தோறும் ஓதும் பழக்கமும் ஆகும்.

3. திண்ணைப்பள்ளியும் ஓலையும்

சீகன்பால்கு தமிழகத்திற் கண்டது எழுத்தறியா நாட்டையன்று. திண்ணைப்பள்ளி ஆசிரியரிடம் அவர் தமிழ் கற்றார். 1708-ஆம் ஆண்டிலேயே கொன்றைவேந்தன், உலகநீதி, நீதிவெண்பா ஆகியவற்றைச் செருமன் மொழியிற் பெயர்த்தார். சிறுவர் குரலெடுத்து ஓதி நீதி நூல்களை நெஞ்சிற் பதிக்கும் முறையை அவர் நேரில் அறிந்திருந்தார். ஓதற்கு உரிய கலம் இந்நாட்டில் முன்னரே இருந்தது. அதில் இடவேண்டிய பொருளையே அவர் தேடினார்.

அவர் 1708 அக்டோபரில் தொடங்கிய புதிய ஏற்பாட்டு மொழிபெயர்ப்பு 1711 மார்ச்சில் நிறைவுற்றது. நற்செய்தி நூல்கள் நான்கும் அப்போஸ்தலர் நடபடிகளும் 1714-இலும், புதிய ஏற்பாடு முழுவதும் 1715-இலும் தரங்கம்பாடியில் அச்சாயின. பழைய ஏற்பாட்டில் ரூத்தின் நூல் வரை பெயர்த்த நிலையில் 1719-இல் அவர் மறைந்தார். எஞ்சிய பகுதியைப் பெஞ்சமின் சூல்ச்சே 1728-க்குள் முடித்தார்.

அச்சுநூல் மக்கள் கையிற் சேர்ந்தபோது நிகழ்ந்தது யாது என்பதற்கு ஒரு சான்று தருவோம். தஞ்சையிற் படைவீரராயிருந்த இராசநாயக்கன் என்பவர் கத்தோலிக்கக் குடும்பத்தினர். 1714-ஆம் ஆண்டுப் பதிப்பின் படியொன்று அவர் கைக்கு வந்தது. இரவலாக வந்த அந்நூலை அவர் ஓலையிற் படியெடுக்கத் தொடங்கினார் எனத் தரங்கம்பாடி மிஷன் வரலாறு கூறும். பின்னர் அவர் உபதேசியாராகித் தஞ்சைப் பகுதியில் நெடுங்காலம் பணிபுரிந்து 1771-இல் மறைந்தார். அச்சிலிருந்து ஓலைக்கு மீளுதல் பின்னோக்கிய செயலாக நமக்குத் தோன்றலாம். உண்மை அதுவன்று. எழுத்தாணி பிடித்து ஒவ்வோர் எழுத்தாகக் கீறும்போது ஒவ்வொரு சொல்லும் வாயிலும் நெஞ்சிலும் தங்கும். படியெடுத்தலே அவருக்குத் தியானமாயிற்று எனக் கொள்ளுதல் தகும்.

எழுத்தறியாதார் நிலையும் எண்ணத்தக்கது. உபதேசியார் ஒரு வசனத்தைச் சொல்ல, கூடியிருந்தோர் அதனைப் பின்பற்றிச் சொல்லி மனப்பாடம் செய்தல் சிற்றூர்ச் சபைகளின் வழக்கமாயிருந்தது. மாலை வேளையிற் குடும்ப ஜெபம், நோயாளியின் படுக்கையருகே இருபத்துமூன்றாம் சங்கீதம், பயணத்தின் முன்னர் நூற்றிருபத்தொன்றாம் சங்கீதம், வீட்டு வாயில்மேல் எழுதிய வசனம் ஆகியன தமிழ்க் கிறித்தவர் வாழ்வில் வேரூன்றின. உபாகமம் கூறிய வீடும் வழியும் படுக்கையும் வாயிலும் ஈண்டு ஒருசேர விளங்குதல் காண்க.

4. திருத்தமும் எதிர்ப்பும்

இங்ஙனம் நாவிற் படிந்த நூலை மாற்றுதல் எளிதன்று. இறைவனைக் குறிக்கும் சொல் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். சீகன்பால்கு, கத்தோலிக்கர் வழங்கிய 'சருவேசுரன்' என்பதை ஏற்றார். சென்னை வேப்பேரியிற் பணிபுரிந்த யோவான் பிலிப்பு பப்ரிசியஸ், 1772-இல் வெளிவந்த தம் புதிய ஏற்பாட்டில் 'பராபரன்' என்பதை ஆண்டார். பின்வந்த ஐக்கியத் திருப்புதலில் 'தேவன்' என்பது இடம்பெற்றது. 1995-இல் கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி வெளியிட்ட திருவிவிலியத்திற் 'கடவுள்' என்பது வழங்குகின்றது. அகராதியை நோக்குவார்க்கு இவை ஒருபொருட் சொற்கள். ஆனால், துன்பம் வந்தபோது ஒருவன் எப்பெயரைச் சொல்லி அழைத்தானோ அப்பெயர் அவனுக்கு வெறும் ஒருபொருட் சொல் அன்று.

பப்ரிசியஸின் மொழிபெயர்ப்பு பழைய ஏற்பாட்டுடன் 1796-இல் முற்றுப்பெற்றது. அவரே செருமானிய ஞானப்பாட்டுகள் பலவற்றையும் தமிழாக்கினமையால், பாட்டிற் கேட்ட சொல்லும் வாசிப்பிற் கேட்ட சொல்லும் ஒத்து நின்று ஒன்றையொன்று உறுதிப்படுத்தின. இந்நிலையில், 1820 முதல் திருநெல்வேலியில் வாழ்ந்த இரேனியஸ் ஐயர் புதிய திருத்தத்தை மேற்கொண்டார். மூலத்தின் கருத்தைத் தமிழ் மரபிற்கேற்பப் பொதுமக்கட்கு விளங்கும் நடையில் தருதல் வேண்டும் என்பது அவர் கொள்கை. மொழிபெயர்ப்பு நெறி பற்றி 1827-இல் அவர் தனிநூலே எழுதினார். அவரது புதிய ஏற்பாடு 1833-இல் நிறைவுற்றது.

இம்முயற்சியைத் தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) வன்மையாக எதிர்த்து எழுதினார். அவர் தமிழறியாதவர் அல்லர், பெருங்கவிஞர். அவர் எதிர்ப்பைப் பழமைப்பற்று எனத் தள்ளிவிடுதல் ஆராய்ச்சிக்கு அழகன்று. அவர் கண்ணில், திருத்தப்படுவது தாளிலுள்ள எழுத்தன்று. இரண்டு மூன்று தலைமுறையினர் ஓதி ஓதித் தம்முடையதாக்கிக்கொண்ட மறைமொழி. தந்தை சொன்ன வசனம் மகன் கையிலுள்ள நூலில் இல்லையாயின், வீட்டுத் தியானத்தின் தொடர்ச்சி அறுபடும். ஆயின், இரேனியஸின் பக்கமும் நியாயம் உண்டு. பொருள் விளங்காத வசனத்தை ஓதுதல் வாய்ப்பழக்கமாக முடியும். அறியாத மொழியிற் பதினாயிரம் சொல்லினும் அறிவோடு கூறும் ஐந்து சொல் மேல் என்னும் கருத்தைப் பவுல் அடிகளாரும் கொரிந்தியர்க்கு எழுதியுள்ளார் (1 கொரிந்தியர் 14:19).

பின்னை நிகழ்ச்சிகள் இவ்விரு நோக்கங்கட்கும் இடைப்பட்டே சென்றன. யாழ்ப்பாணத்தில் பீட்டர் பெர்சிவல் பாதிரியார், ஆறுமுக நாவலரின் துணைகொண்டு உருவாக்கிய மொழிபெயர்ப்பு 1850-இல் வெளிவந்தது. நாவலரின் புலமை தமிழுலகம் போற்றுவது. எனினும், அம்மொழிபெயர்ப்பு தமிழகச் சபைகளில் ஏற்புப் பெறவில்லை. அதன்பின் என்றி பவரைத் தலைமையாகக் கொண்டு, கால்டுவெல் முதலியோர் பங்குபற்றிய குழு, பப்ரிசியஸின் நூலையே அடிப்படையாக வைத்துத் திருத்தியது. 1871-இல் முழுமையாக வெளிவந்த இந்த ஐக்கியத் திருப்புதலே பெரும்பான்மையான புரோட்டஸ்டண்டு சபைகளில் நிலைபெற்றது. அப்போதும் லூத்தரன் சபையார் பப்ரிசியஸின் நூலை எளிதில் விட்டிலர். இருபதாம் நூற்றாண்டில் லார்சன் முதலியோர் செய்த திருத்தம் நடையிலும் பொருள் தெளிவிலும் சிறப்புடையதாயினும், ஐக்கியத் திருப்புதலை வீடுகளினின்று அகற்ற இயலவில்லை.

இவற்றால் ஓர் உண்மை புலனாகின்றது. பழைய நூலை அடியோடு மாற்றியவை வீட்டினுட் புகவில்லை. அதன் ஓசையையும் சொற்றொடரையும் பேணித் திருத்தியதே நிலைத்தது. புலமையும் மூலநூலறிவும் மொழிபெயர்ப்பைத் தோற்றுவிக்கும். அதனை வாழவைப்பது நாள்தோறும் ஓதும் நாவேயாகும். சபைகளின் ஆட்சிமுறை, சங்கங்களின் பொருளுதவி முதலிய பிற காரணங்களும் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால், அவை மட்டுமே காரணமாயின், அதிகாரமுடையோர் விரும்பிய ஒவ்வொரு திருத்தமும் வென்றிருத்தல் வேண்டும். அவ்வாறு நிகழவில்லை.

5. முடிபு

இன்று நம்முன் உள்ள இடர் இதன் மறுதலையாகும். ஐக்கியத் திருப்புதலின் கிருபை, இரட்சிப்பு, நிருபம் முதலிய சொற்கள் முதியோர்க்கு மூச்சோடு கலந்தவை. இளையோர் பலர்க்கோ விளக்கம் வேண்டுபவை. 1995-ஆம் ஆண்டுத் திருவிவிலியத்தின் நடை இளையோர்க்குத் தெளிவானது. ஆயினும், அதன் வசனத்தைப் பாட்டி கேட்டால் தாம் அறிந்த வசனம் அதுவெனத் தெளியச் சற்றுப் பொழுதாகும். ஒரே வீட்டில் இரு தலைமுறையினர் சேர்ந்து ஓத இயலாத நிலை தோன்றுமாயின், அஃது உபாகமம் விதித்த குடும்பப் பயிற்சிக்கே ஊறாகும்.

இதற்கு விடையும் அவ்வதிகாரத்திலேயே அமைந்துள்ளது. ஏழாம் வசனம் கட்டளைகளை ஓயாது பேசுமாறு தந்தையைப் பணிக்கின்றது. அதே அதிகாரத்தின் இருபதாம் வசனமோ, இக்கட்டளைகளின் பொருள் யாதென மகன் பின்னாளிற் கேட்பான் என எதிர்நோக்கி, எகிப்தின் அடிமைநிலையையும் விடுதலையையும் அவனுக்கு எடுத்துரைக்குமாறு கூறுகின்றது. ஓதல் முன்னது; வினா பின்னது; விளக்கம் அதற்கும் பின்னது. ஓதாத வீட்டில் வினா எழாது. விளக்காத வீட்டில் ஓதல் நெடுநாள் நிலையாது.

ஆகவே, பழைய மொழிபெயர்ப்பையும் புதியதையும் பகையாக எண்ணுதல் வேண்டா. நெஞ்சில் நிற்கும் வசனத்தைப் பழைய நூல் காக்க, மகன் கேட்கும் வினாவிற்கு விடையைப் புதிய நூல் தருக. இரவல் நூலை ஓலையில் எழுதிய தஞ்சை வீரரும், திருத்தத்தை எதிர்த்த சாஸ்திரியாரும், தெளிவை நாடிய இரேனியஸும் வெவ்வேறு வழியில் உழைத்தது ஒரு பயன் கருதியே: வசனம் வாயிலும் நெஞ்சிலும் வாழ்விலும் ஒன்றாதல் வேண்டும் என்பது. தமிழ் விவிலிய வரலாற்றை எழுதுவோர் பதிப்பாண்டுகளோடு இப்பயிற்சியையும் சேர்த்து ஆராய்வராயின், அவ்வரலாறு நிறைவுடையதாகும்.