கூரையில் எழுதிய ஊர்ப்பெயர்



வழிப்போக்கனுக்கு உதவுதல் அறம் என்று நம் முன்னோர் கருதினர். சாலையோரத்தில் சத்திரம் கட்டினர், சுமைதாங்கி நட்டனர், நிழல் தரும் மரங்களை வளர்த்தனர். பின்னாளில் மைல்கல்லும் கைகாட்டியும் வந்தன. தரையில் செல்பவனுக்கு இவை போதும். வானத்தில் செல்பவன் என்ன செய்வான்? நடுவழியில் நின்று, “ஐயா, இது எந்த ஊர்?” என்று அவன் கேட்க இயலுமா? இக்கேள்விக்கு ஐக்கிய அமெரிக்க நாட்டில் கண்ட விடையின் வரலாற்றையே இன்று உங்களுக்குச் சொல்ல விழைகிறேன்.

முதல் உலகப்போர் முடிந்தபின், அந்நாட்டில் சொந்தமாகச் சிறு விமானம் வைத்து ஓட்டுவோர் தொகை பெருகிற்று. அவர்களுடைய விமானங்களில் வானொலிக் கருவி இல்லை. பலவற்றில் விமானியின் தலைக்கு மேல் மூடியும் இல்லை. முழங்காலின் மேல் ஒரு தேசப்படம், கண்ணெதிரே ஒரு திசைகாட்டி, கீழே ஓர் ஆறு அல்லது இருப்புப்பாதை, இவையே துணை. தபால் விமானங்கள் செல்லும் பெருவழியில் 1923ஆம் ஆண்டு முதல் விளக்குக் கோபுரங்கள் அமைக்கத் தொடங்கினர். ஆனால் சிற்றூரைத் தேடிச் செல்லும் தனி விமானிக்கு அத்தகைய உதவி கிட்டவில்லை. மேலிருந்து நோக்கினால் ஓர் ஊர் மற்றோர் ஊரைப் போலவே தோன்றும். புகழ்பெற்ற அமீலியா ஏர்ஹார்ட் அம்மையாரே 1928ஆம் ஆண்டில் வழி தவறி, நியூ மெக்சிகோவிலுள்ள ஹாப்ஸ் என்னும் சிற்றூரின் தெருவில் இறங்க நேர்ந்தது. வழி தவறியவனுக்கு எரிபொருள் தீர்வதற்குள் இறங்க இடம் கிடைத்தாக வேண்டும். இன்றேல் உயிருக்கே ஆபத்து.

இக்குறையைப் போக்க முன்வந்தவர் ஃபீபி ஓம்லி என்னும் பெண் விமானி. 1927ஆம் ஆண்டிலேயே விமானம் ஓட்டுவதோடு அதனைப் பழுது பார்ப்பதற்கும் அரசாங்க உரிமம் பெற்றவர் அவர். நாடெங்கும் ஊர்களின் பெயரைக் கூரைகளில் எழுதிவைக்கும் திட்டத்தை 1935ஆம் ஆண்டில் அவர் தொடங்கிவைத்தார். பதினைந்து மைலுக்கு ஒரு குறி என்பது நோக்கம். ஊரில் எடுப்பாகத் தெரியும் கட்டடம் தொழிற்சாலையாயினும், களஞ்சியமாயினும், பண்டகசாலையாயினும் அதன் கூரையே பலகையாயிற்று. ஊர்ப்பெயர், வடதிசைக் குறி, அண்மையிலுள்ள விமானத் தளத்தைச் சுட்டும் அம்பு, அதன் தொலைவு ஆகியவற்றை அதில் தீட்டினர். ஊர்கள் மிகத் தொலைவில் அமைந்த பகுதிகளில் கல்லுக்கும் செங்கல்லுக்கும் வெள்ளையடித்துத் தரையிலேயே எழுத்துகளாக அடுக்கினர். அக்காலம் கொடிய பொருளாதார மந்தத்தின் காலம். ஆதலின், வேலையற்றோர்க்கு வேலையளிக்கும் அரசாங்க நிதியிலிருந்து இதற்குப் பணம் ஒதுக்கப்பட்டது. வழி தவறியவனுக்கு வழியும், பசித்தவனுக்குக் கூலியும் ஒரே வாளிச் சாயத்தில் கிடைத்தன.

திட்டத்தை வகுத்தவர் ஒரு பெண். மாநிலந்தோறும் சென்று அதிகாரிகளை இணங்கச் செய்தவர்களும் லூயி தேடன், ஹெலன் ரிச்சி, பிளான்ச் நாய்ஸ் முதலிய பெண் விமானிகளே. இவர்களுள் நாய்ஸ் அம்மையாரின் வரலாறு உள்ளத்தை உருக்குவது. 1929ஆம் ஆண்டில் நடந்த பெண்கள் விமானப் பந்தயத்தில் அவருடைய விமானம் நடுவானில் தீப்பற்றியது; அவர் தரையிறங்கி மணலை அள்ளிப்போட்டுத் தீயை அணைத்துப் பின்னும் பறந்தார். 1935ஆம் ஆண்டு டிசம்பரில் விமானியான அவர் கணவர் விமான விபத்தில் மாண்டார். மறு ஆண்டே அம்மையார் இப்பணியை ஏற்றார். பிறர் பாதுகாப்பாகத் தரைசேர்வதற்கே தம் எஞ்சிய வாழ்நாளின் பெரும்பகுதியை அளித்தார்.

ஆனால் அவருக்கு ஒரு கடுஞ்சோதனை காத்திருந்தது. 1941ஆம் ஆண்டு டிசம்பரில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. நண்பனுக்கு வழிகாட்டும் எழுத்து பகைவனுக்கும் வழிகாட்டுமன்றோ? கடற்கரையிலிருந்து 150 மைலுக்குள் இருந்த குறிகளையெல்லாம் அழிக்க முடிவாயிற்று. எந்தக் கைகள் அவற்றை எழுதுவித்தனவோ அக்கைகளே அழிக்கவும் வேண்டியதாயிற்று. சுமார் 13,000 குறிகள் இவ்வாறு மறைந்தன. போர் முடிந்ததும் நாய்ஸ் அம்மையார் சோர்ந்துவிடவில்லை. அழித்தவற்றை மீண்டும் எழுதுவித்ததோடு புதியனவற்றையும் சேர்த்தார்.

ஊரை அறிந்தால் மட்டும் போதாது. அங்குள்ள தளத்தில் முறையாக இறங்கவும் வேண்டும். சிறு தளத்திற்கு முதன்முறை வரும் விமானி முதலில் நோக்குவது, கம்பத்தில் கட்டிய துணிக்குழாயை. காற்று எப்பக்கம் வீசுகிறதென்று அது காட்டும். காற்றை எதிர்த்து இறங்கினால் தரையைத் தொடும்போது வேகம் குறையும். சிறிய பாதையும் போதியதாகும். அடுத்து, ஓடுபாதையின் முனையில் எழுதிய எண்ணை நோக்குவான். திசையைக் காட்டும் பாகையைப் பத்தால் வகுத்தால் வருவது அவ்வெண். 27 என்றால் 270 பாகை, அதாவது மேற்கு நோக்கி இறங்கும் முனை. அதே பாதையின் மறுமுனையில் 9 என்றிருக்கும். எண்ணும் குழாயும் இசைந்தால் இறங்கலாம். மொழி தெரியாத நாட்டிலும் இக்குறிகளின் பொருள் மாறுவதில்லை.

இன்று செயற்கைக்கோள்கள் விமானியின் இருப்பிடத்தை நொடிதோறும் காட்டுகின்றன. ஆயினும் எழுத்து அழிந்துவிடவில்லை. 1929ஆம் ஆண்டில் 99 பெண் விமானிகள் தொடக்க உறுப்பினராகச் சேர்ந்து அமைத்த ‘நைன்ட்டி நைன்ஸ்’ சங்கத்தினர், இன்றும் சிறு விமானத் தளங்களுக்குச் சென்று ஊர்ப்பெயரையும் திசைக் குறியையும் தம் கையாலேயே தீட்டி வருகின்றனர். கருவி பழுதுற்றாலும் கண் படிக்கும் எழுத்து கைவிடாது என்பது அவர்கள் கொள்கை.

மாணவர்களே, வரலாறு என்பது போர்களையும் முடிசூட்டு விழாக்களையும் மட்டும் சொல்வதன்று. யாரோ ஒருவர் ஏணி வைத்து ஏறி, தாம் ஒருநாளும் காணப்போகாத ஒருவனுக்காகக் கூரையில் எழுதிய எழுத்தும் வரலாறே. உள்ளூரானுக்கு ஊர்ப்பலகை வேண்டுவதில்லை. அது அயலானுக்கே உரியது. ஓர் ஊரின் பண்பை அளக்க வேண்டுமானால், முன்பின் அறியாதவன் அங்கே எத்துணை எளிதாக வழி கண்டு இறங்க முடிகிறது என்று பாருங்கள். அந்த அளவுகோல் வானத்திற்கும் பொருந்தும். நீங்கள் நாளும் நடக்கும் தெருவிற்கும் பொருந்தும்.