ஈயக் குண்டும் செம்புச் சட்டையும்

மலாக்காப் பட்டணத்தில் குன்றின் அடிவாரத்தில் நிற்கும் பழைய கோட்டை வாசலை நம்மில் பலர் பார்த்திருக்கிறோம். 1511-ஆம் ஆண்டில் போர்த்துக்கீசியர் மலாக்காவைப் பிடித்தபின் கட்டிய கோட்டையில் எஞ்சியது அதுதான். அந்தக் காலத் துப்பாக்கியில் போட்டுச் சுட்டது வெறும் ஈய உருண்டை. அந்த ஈயத்துக்குச் செம்புச் சட்டை எப்படி வந்தது, அந்தச் சட்டை ஏன் உலக நாடுகளின் மாநாடு வரை போனது என்பதை இன்று காண்போம்.

முதலில் தோட்டா வேறு, குண்டு வேறு என்பதைத் தெரிந்துகொள்வோம். பித்தளைக் கூடு, அதன் அடியில் தீப்பற்றும் மருந்து, உள்ளே வெடிமருந்து, வாயில் குண்டு; இவை எல்லாம் சேர்ந்ததே தோட்டா. சுட்டதும் பறந்து போவது குண்டு மட்டுமே.

ஈயம் கனமானது, 327 பாகை வெப்பத்திலேயே உருகிவிடும். அடுப்பில் உருக்கி அச்சில் வார்க்கலாம். ஆகவே பல நூறு ஆண்டுகள் அதுவே போதுமாக இருந்தது. 1880-களில் புகையில்லா வெடிமருந்து வந்தது. பின்னாளில் நம் நீலகிரி அருவங்காட்டிலும் அத்தகைய மருந்துக்கு ஆலை வைத்தார்கள். அந்த மருந்து குண்டை மிக வேகமாகத் தள்ளியது. மென்மையான ஈயம் குழலின் உட்புறத்தில் உராய்ந்து அப்பிக்கொண்டது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1882-இல் ஈயத்துக்குச் செம்பு உறை போட்டு இதற்கு வழி கண்டார்.

இன்று கைத்துப்பாக்கிக் குண்டுகளுக்குச் செம்பு போடுவதில் இரண்டு முறைகள் உண்டு. ஒன்று உறை. செம்புக் கலவைத் தகட்டைச் சிறு கிண்ணம்போல் அழுத்தி இழுத்து, அதற்குள் ஈயத்தைத் திணிப்பார்கள். பெரும்பாலும் அடிப்பக்கத்தில் ஈயம் வெளியே தெரியும். மற்றொன்று முலாம். வளையலுக்குத் தங்கமுலாம் பூசுவதுபோல, ஈயக் குண்டைச் செம்பு உப்புக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால், எல்லாப் பக்கமும் செம்பு படிந்துவிடும். அடியும் மூடப்படுவதால், நான்கு சுவருக்குள் பயிற்சி செய்வோர் சுவாசிக்கும் ஈயப் புகை குறையும். விலையும் குறைவு. ஆனால் முலாம் பொதுவாக மெல்லியது, மிருதுவானது. அளவுக்கு மீறிய வேகத்தில் அது கிழிந்துபோகலாம். தகட்டு உறையோ அந்த வேகத்தைத் தாங்கும். பார்வைக்கு இரண்டும் ஒரே செம்பு நிறம். வேலையில் இரண்டும் வேறு.

இனி வரலாற்றுக்கு வருவோம். மலாக்காவில் டான் சே யான் ரப்பர் பயிரிடத் தொடங்கிய 1890-களில், கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச் சாலையில் கேப்டன் பெர்ட்டி கிளே என்ற அதிகாரி ஒரு குண்டைச் செய்தார். முழு உறைக் குண்டு உடலைத் துளைத்து நேராக வெளியேறிவிடுகிறது, எல்லைப்புற மக்கள் அடிபட்டும் நிற்காமல் வருகிறார்கள் என்பது ஆங்கிலேயப் படையின் குறை. ஆகவே அவர் உறையின் நுனியை மட்டும் நீக்கி ஈயத்தைத் திறந்து விட்டார். உடலில் பட்டதும் அந்த நுனி விரிந்து, பெரும் புண் உண்டாக்கியது.

1899-இல் ஹேக் நகர மாநாடு இத்தகைய குண்டுகளைத் தடை செய்தது. உறை உள்ளீட்டை முழுதும் மூடாத குண்டு கூடாது என்பது அதன் சாரம். பிரிட்டனும் அமெரிக்காவும் எதிர்த்தன. பிரிட்டன் 1907-இல்தான் அதை ஏற்றது. அதன் சுழல்துப்பாக்கியிலும் இதன் தாக்கம் தெரிந்தது. 1898-இல் வந்த குழிமுனைக் குண்டு விலக்கப்பட்டது. பின்னர் 1930-களில் வெறும் ஈயக் குண்டுக்குப் பதிலாக உறைக் குண்டு வந்தது.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தத் தடை, கையெழுத்திட்ட நாடுகள் தமக்குள் செய்யும் போருக்கு மட்டுமே. கொடியில்லாத அடிமை நாட்டு மக்களுக்கு அதில் இடமில்லை. ஒரு நூலளவு செம்புத் தகடு, யாருடைய உடலுக்கு எவ்வளவு மதிப்பு என்ற கேள்வியைச் சுமந்து நின்றது.

ஜப்பானியர் காலத்தையும், 1948 முதல் 1960 வரையிலான அவசரகாலத்தையும் கண்ட மண் நம் தோட்ட மண். கால்வாய் வெட்டும்போதோ, மறுநடவுக்கு மண்ணைப் புரட்டும்போதோ பச்சை படிந்த பழைய தோட்டா கிடைத்தால் பிள்ளைகளைத் தொடவிடாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள். பழையதானாலும் மருந்து உயிரோடு இருக்கலாம். உரிமமின்றி வைத்திருப்பது 1960-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி குற்றமுமாகும். இருந்த இடத்திலேயே விட்டு, போலீசுக்குத் தெரிவிப்போம்.