குறைவேறுபாட்டுக் கட்டிகளில் நோயெதிர்ப்புத் திசுவேதியியல்

நோயெதிர்ப்புத் திசுவேதியியல் என்பது திசுக்களில் உள்ள குறிப்பிட்ட புரதங்களைப் பிறபொருளெதிரிகளின் (ஆன்டிபாடி) துணைகொண்டு நிறமூட்டிக் கண்டறியும் ஆய்வுமுறை ஆகும். தாம் தோன்றிய திசுவின் தோற்றத்தைப் பெரிதும் இழந்துவிட்ட உயிரணுக்களைக் கொண்ட கட்டிகள் குறைவேறுபாட்டுக் கட்டிகள் எனப்படும். இவற்றின் வகையை அறிய இம்முறை இன்றியமையாதது.

தேவை

வழக்கமான ஹெமட்டாக்சிலின்-ஈயோசின் நிறமூட்டலில், கார்சினோமா, லிம்போமா, மெலனோமா, சார்க்கோமா ஆகிய நான்கும் சில வேளைகளில் ஒன்றுபோலவே தோன்றும். ஆனால் இவற்றுக்கான மருத்துவம் வேறுபட்டது. பல லிம்போமாக்களும் விந்தகத்தின் இனவுயிரணுக் கட்டிகளும் உடலில் பரவிய நிலையிலும் மருந்துகளால் குணமாகக்கூடியவை. இவற்றைக் கார்சினோமா எனத் தவறாக முடிவு செய்தால், நோயாளி குணமாகும் வாய்ப்பையே இழக்க நேரிடும்.

வரலாறு

1941 ஆம் ஆண்டில் ஆல்பர்ட் கூன்சும் அவருடன் பணியாற்றியோரும் ஒளிரும் சாயம் இணைத்த பிறபொருளெதிரிகளைப் பயன்படுத்தினர். 1966 இல் நக்கானே, பியர்ஸ் ஆகியோர் சாயத்துக்கு மாற்றாக நொதியை இணைத்தனர். இதனால் சாதாரண ஒளி நுண்ணோக்கியே போதுமானதாயிற்று. 1975 இல் கோலரும் மில்ஸ்டைனும் ஒற்றைநகல் பிறபொருளெதிரிகளை உருவாக்கும் வழியைக் கண்டனர்; இதற்காக 1984 இல் நோபல் பரிசு பெற்றனர். 1991 இல், ஃபார்மலினால் மறைக்கப்பட்ட புரதப் பகுதிகளை வெப்பத்தால் மீட்கும் முறை வெளியிடப்பட்டது.

செயல்முறை

பாரஃபின் மெழுகில் பதித்த திசு ஏறத்தாழ 4 மைக்ரோமீட்டர் தடிப்பில் சீவப்படுகிறது. மெழுகு நீக்கப்பட்டு, தாங்கற் கரைசலில் சூடாக்கப்பட்டபின், முதற் பிறபொருளெதிரி இடப்படும். அது தனக்குரிய புரதத்துடன் பிணையும். அதன்மேல் நொதி இணைந்த இரண்டாம் பிறபொருளெதிரி பற்றிக்கொள்ளும். நிறமாக்கி சேர்க்கப்பட்டதும், அப்புரதம் உள்ள இடம் பழுப்பு நிறமாகத் தெரியும்.

முதற்கட்டக் குறிப்பான்கள்

ஒரு குறிப்பானை மட்டும் நம்பாமல், பல குறிப்பான்களின் தொகுப்பே பயன்படுத்தப்படுகிறது.

* சைட்டோகெரட்டின் - கார்சினோமா
* சிடி45 - லிம்போமா
* எஸ்100, சாக்ஸ்10 - மெலனோமா
* டெஸ்மின், மயோஜெனின் - தசைசார் சார்க்கோமா
* சால்4, ஆக்ட்3/4 - இனவுயிரணுக் கட்டி

விமென்டின் பெரும்பாலான சார்க்கோமாக்களில் காணப்படினும், மெலனோமாவிலும் சில கார்சினோமாக்களிலும் தோன்றுவதால் அதன் பயன் குறைவு.

தோன்றிய உறுப்பை அறிதல்

கட்டி கார்சினோமா எனத் தெரிந்தபின் அது எவ்வுறுப்பில் தோன்றியது என ஆராயப்படும். நுரையீரலின் சுரப்பிப்புற்று பொதுவாகக் கெரட்டின் 7 உடையதாகவும் கெரட்டின் 20 அற்றதாகவும் இருக்கும். பெருங்குடற் புற்று பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. டிடிஎஃப்-1 நுரையீரலையும் தைராய்டையும், சிடிஎக்ஸ்2 குடலையும், காட்டா3 மார்பகத்தையும் சிறுநீர்ப்பையையும், பாக்ஸ்8 சிறுநீரகம், தைராய்டு, சூலகம் ஆகியவற்றையும் சுட்டும்.

வரையறைகள்

எந்தக் குறிப்பானும் ஒரு கட்டிக்கு மட்டுமே உரியதன்று. சினோவியல் சார்க்கோமாவில் கெரட்டின் காணப்படலாம். சில மார்பகப் புற்றுகள் எஸ்100 காட்டும். பிளாஸ்மா உயிரணுக் கட்டிகளிலும் சில அனாபிளாஸ்டிக் பேருயிரணு லிம்போமாக்களிலும் சிடி45 காணப்படாது. எனவே முறையே சிடி138, சிடி30 ஆகியவற்றையும் சோதிப்பது அவசியம். யூயிங் சார்க்கோமாவைச் சுட்டும் சிடி99, லிம்போபிளாஸ்டிக் லிம்போமாவிலும் தோன்றும்.

திசுவை ஃபார்மலினில் இடத் தாமதித்தாலும், மிகக் குறைந்த நேரமே வைத்திருந்தாலும், போலி எதிர்மறை முடிவு கிடைக்கலாம். இதனால் ஒவ்வொரு சோதனையுடனும் முடிவு முன்பே தெரிந்த ஒரு கட்டுப்பாட்டுத் திசுவும் நிறமூட்டப்படுகிறது. நிறமூட்டல் முடிவுகள் உயிரணுக்களின் அமைப்பு, நோயாளியின் வயது, கட்டியின் இடம், படிமச் சோதனைகள் ஆகியவற்றுடன் ஒப்பிட்டே பொருள் கொள்ளப்படும். ஐயம் நீங்காதபோது மரபணுச் சோதனைகள் மேற்கொள்ளப்படுகின்றன.

இவற்றையும் பார்க்க

* திசுவியல்
* நோயியல்
* பிறபொருளெதிரி
* புற்றுநோய்