நோட்டு யார் கையில?

இன்னைக்கு எபிசோட் சொந்தக் கதையில ஆரம்பிக்குது.

2022-ல ஒரு டெலிகிராம் குரூப்ல சேர்ந்து ஆப்ஷன்ஸ் டிரேடிங் கத்துக்கிட்டேன். 'கத்துக்கிட்டேன்'னு நான் நினைச்சுக்கிட்டேன். அஞ்சு மாசத்துல 86,000 ரூபாய் காலி. பொங்கல் லீவுக்குப் பந்தலூர் போனப்ப, மறைக்க முடியாம அம்மாகிட்ட சொல்லிட்டேன். அம்மா தேயிலைத் தோட்டத்துல கொழுந்து பறிக்கிறவங்க. அடுப்புல தேங்காய் ரொட்டி சுட்டுக்கிட்டே கேட்டாங்க. திட்டவே இல்ல. ரெண்டே கேள்விதான்.

"கணக்கு நோட்டு யாருகிட்டடா இருந்துச்சு?"

"உன் காசு போனப்ப, அந்த அண்ணன் காசு எவ்ளோ போச்சு?"

ரெண்டுக்கும் என்கிட்ட பதில் இல்ல. பத்தாவது தாண்டாத அம்மாவுக்கு இந்தக் கேள்விகள் எங்கேருந்து வந்துச்சுன்னு தேடப் போனேன். அது இலங்கை வரைக்கும் இழுத்துட்டுப் போச்சு.

முதல் நோட்டு, கங்காணியோடது. எங்க தாத்தா இலங்கைத் தோட்டத்துல பிறந்தவர். தமிழ்நாட்டு கிராமங்கள்லேருந்து ஆளுங்களைத் திரட்டி இலங்கை மலைகளுக்குக் கூட்டிட்டுப் போனவர் கங்காணி. வழிச்செலவு, சாப்பாடு எல்லாம் முன்பணம். அது கடனா ஏறும். தோட்டத்துக்குப் போன பிறகும் அரிசிக்கு, கல்யாணத்துக்கு, சாவுக்குன்னு கடன் வளரும். எழுதுறது கங்காணி. வாங்கினவருக்குப் பெரும்பாலும் படிக்கத் தெரியாது.

இதுக்குமேல 'துண்டு'ன்னு ஒரு முறை இருந்தது. ஒருத்தர் தோட்டம் மாறணும்னா, அவர் பேர்ல எவ்வளவு கடன் இருக்குன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிக் கொடுப்பாங்க. அந்தத் தொகையைக் கட்டுற தோட்டம் ஆளை எடுத்துக்கலாம். ஒரு குடும்பத்தோட விடுதலை, அவங்களால படிக்க முடியாத ஒரு சீட்டுல இருந்தது. 1921-ல சட்டம் போட்டு துண்டு முறையை ஒழிச்சாங்க. கடன் வாங்குற பழக்கமும் கங்காணியும் அதுக்கப்புறமும் இருந்தாங்க.

இதை ஏன் சொல்றேன்னா, கங்காணி வெளியாள் இல்ல. பெரும்பாலும் சொந்த ஊர், சொந்த சாதி, சில சமயம் சொந்தக்காரர். அதனாலதான் நம்பினாங்க. 'நம்மாளு' அப்படிங்கிற நம்பிக்கைதான் அந்த முறையோட முதலீடே.

1964-ல சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேரை இந்தியா ஏத்துக்கணும்னு முடிவாச்சு. அப்படி வந்தவங்களுக்கு வேலை கொடுக்க நீலகிரியில அரசு 1968-ல தேயிலைத் திட்டம் தொடங்குச்சு. அதுதான் பின்னாடி டான்டீ ஆச்சு. தலைமன்னார்ல கப்பல் ஏறி, ராமேஸ்வரத்துல இறங்கி, மண்டபம் முகாம் வழியா தாத்தாவும் இந்த மலைக்கு வந்து சேர்ந்தார்.

இரண்டாவது நோட்டு, ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட யோசனை. ஃபிரெடரிக் நிக்கல்சன், மெட்ராஸ் மாகாணத்துல ஐ.சி.எஸ். அதிகாரி. விவசாயிகளை வட்டிக்காரங்ககிட்டேருந்து மீட்க வழி தேடச் சொல்லி அரசு அவரை ஐரோப்பாவுக்கு அனுப்புச்சு. 1895-லயும் 1897-லயும் ரெண்டு பாகமா அறிக்கை கொடுத்தார். அவரை ரொம்பக் கவர்ந்தது ஜெர்மனியில ரைஃபைசன்ங்கிற ஊர்த் தலைவர் 1860-கள்ல உருவாக்கின கடன் சங்கம். எல்லாரும் எல்லாரையும் தெரிஞ்சிருக்கிற சின்ன ஊர். நிர்வாகிகளுக்குச் சம்பளம் கிடையாது. ஒருத்தர் கட்டலைன்னா எல்லார் தலையிலயும் விழும். அதனால யாரும் கண்ணை மூடிக்கிட்டுக் கடன் கொடுக்க முடியாது.

இந்தியாவோட முதல் கூட்டுறவுக் கடன் சங்கச் சட்டம், 1904-ல வந்தது, இந்த அறிக்கைக்கு ரொம்பவே கடன்பட்டது. நிக்கல்சன் ஓய்வுக்காலத்தைக் கழிச்சது நம்ம குன்னூர்ல. ஆனா எங்க வீட்டுக்கு அந்த யோசனை வந்து சேர இன்னும் நூறு வருஷம் ஆச்சு.

மூணாவது நோட்டு, அம்மாவோடது. 1989-ல தர்மபுரி மாவட்டத்துல, ஐ.நா.வோட வேளாண் வளர்ச்சி நிதியம் உதவியோட, தமிழ்நாடு மகளிர் மேம்பாட்டு நிறுவனம் சுய உதவிக் குழுக்களைத் தொடங்குச்சு. 1992-ல நபார்டு, 500 குழுக்களை வங்கியோட இணைக்கிற சோதனை முயற்சியை ஆரம்பிச்சது. 90-கள் கடைசியில மகளிர் திட்டம் மாநிலம் முழுக்கப் பரவுச்சு. அம்மா 2003-ல சேர்ந்தாங்க. 15 பேர், வாரம் 20 ரூபா சேமிப்பு.

ஞாயித்துக்கிழமை கூட்டம் எங்க லைன் வீட்டு வாசல்லதான் நடக்கும். சின்னப் பையனா பக்கத்துல உக்காந்து பாத்திருக்கேன். யார் எவ்வளவு கட்டினாங்க, யார் தவணை பாக்கின்னு எல்லாத்தையும் சத்தமா வாசிப்பாங்க. படிக்கத் தெரியாத பாட்டிகூட தன் கணக்கைக் காதால சரிபார்ப்பாங்க. வெளியில பத்து வட்டி. குழுவுக்குள்ள நூத்துக்கு ரெண்டு ரூபா. அந்த ரெண்டு ரூபாயும் திரும்பக் குழுவுக்கே வரும். அம்மா வட்டிக் கணக்கு கத்துக்கிட்டது அந்த வாசல்லதான்.

நம்ம பாஷையில சொன்னா, எல்லாருக்கும் ரீட் ஆக்சஸ். லாக்-ஐ யாராலயும் அழிக்க முடியாது.

அப்போ குழுவா சேர்ந்தாலே நல்லதா? இல்ல. நுண்கடன் கம்பெனிகளும் இதே பெண்களைக் குழுவா உக்கார வெச்சுத்தான் கடன் கொடுத்தாங்க. ஒருத்தருக்கு மத்தவங்க பொறுப்பு, அதுவும் அப்படியே. ஆனா பணம் கம்பெனியோடது, நோட்டும் கம்பெனியோடது. வட்டி வெளியில போச்சு. 2010-ல ஆந்திராவுல வசூல் நெருக்கடியும் தற்கொலைகளும் பெரிய பிரச்சினையாகி, அரசு அவசரச் சட்டம் கொண்டுவர வேண்டியதாச்சு. வட்டமா உக்காந்தது அதே பெண்கள்தான். நோட்டு மட்டும் கை மாறியிருந்தது.

இப்போ என் டெலிகிராம் குரூப்புக்கு வருவோம். அட்மின் லாபம் வந்த ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் போடுவார். தப்பிப்போன டிப்ஸ் மறுநாள் காலையில டெலீட் ஆகியிருக்கும். கேள்வி கேட்டா மியூட். அவருக்கு வருமானம் எங்க மாதச் சந்தா, நான் ஜெயிச்சாலும் தோத்தாலும். பேசுறது நம்ம தமிழ், நம்ம மீம், 'தம்பி'ன்னு கூப்பிடுவார். கங்காணி மாதிரியே, நம்மாளு.

செபி 2024-ல வெளியிட்ட ஆய்வுப்படி, 2022 முதல் 2024 வரையிலான மூணு நிதியாண்டுகள்ல ஃபியூச்சர்ஸ் அண்ட் ஆப்ஷன்ஸ்ல இறங்கின தனிநபர்கள்ல 93 சதவீதம் பேருக்கு நஷ்டம். மொத்தமா 1.8 லட்சம் கோடி ரூபாய்க்கு மேல. அந்த நோட்டை எங்க குரூப்ல யாரும் சத்தமா வாசிக்கல.

ஆன்லைன்ல எல்லாமே மோசம்னு சொல்ல வரல. அவசரகால நிதி, டெர்ம் இன்சூரன்ஸ், இண்டெக்ஸ் ஃபண்ட்னு எனக்குத் தெரிஞ்ச உருப்படியான விஷயங்களும் முகம் தெரியாத மனுஷங்க சொல்லித்தான் தெரியும். அவங்க தங்களோட நஷ்டத்தையும் நம்பரோட சொன்னாங்க, எதையும் விக்கல. ஆலோசனைக்குக் காசு கேக்கிறவரா இருந்தா, அவரோட பதிவு எண்ணை செபி இணையதளத்துல பாத்துடலாம். ரெண்டு நிமிஷ வேலை.

அந்த 86,000 திரும்ப வரல. குரூப்பை விட்டு வெளிய வந்து, நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு ஷீட் போட்டோம். சம்பளம், கடன், முதலீடு, நஷ்டம் எல்லாம் அதுல இருக்கு. மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை கால். என் நஷ்டத்தை முதல் தடவை வாசிக்கும்போது குரல் நடுங்குச்சு.

அம்மாகிட்ட இதைச் சொன்னேன். "வாசிச்சியா? அப்ப சரி"ன்னாங்க.

அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.